வலிப்பு நின்ற பிறகும் எதற்கு இந்தப் படிவம்?

ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலிப்பு நோய் என்று தெரியவந்தது. முதலில் கொடுத்த மருந்து போதவில்லை என்று லெவெடிராசிடாம் மாத்திரைக்கு மாற்றினார்கள். அதன்பின் எட்டு மாதங்களாக வலிப்பு வரவில்லை. சென்ற முறை மருத்துவமனைக்குப் போனபோது செவிலியர் 25 வரிகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, அடுத்த முறை நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பிள்ளையின் கோபம், பயம், நட்பு, கவனம் எல்லாவற்றையும் அது கேட்கிறது. "வலிப்புக்குத்தானே போனோம்? மனநோய் என்று எழுதிவிடுவார்களா? பள்ளிக்குத் தெரிந்துவிடுமா? நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகும், எழுதிக் கொடுக்காதே என்கிறார் என் மாமியார். நிரப்பாமல் விட்டுவிடலாமா?"

விட்டுவிடாதீர்கள், நிரப்புங்கள். குழந்தைகள் நரம்பியல் பிரிவில் உளவியலாளராக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் படிவம் உங்கள் கைக்கு வந்தது நல்ல செய்தி. பல இடங்களில் இது நடப்பதே இல்லை. வலிப்பு வந்ததா, மாத்திரை தவறாமல் கொடுக்கிறீர்களா, தூங்குகிறாளா என்று கேட்டு முடிப்பதற்குள் வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் சில மாதங்களாகத் தோழிகளோடு பேசுவதில்லை என்பதை அந்த அவசரத்தில் நீங்களும் சொல்ல மாட்டீர்கள், மருத்துவரும் கேட்க மாட்டார். கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும் மருத்துவருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்த இடைவெளிக்காக உருவானதுதான் இந்த ஸ்கிரீனிங், அதாவது சிக்கல் இருக்கிறதா என்று எல்லாப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கும் முறை.

வலிப்புள்ள பிள்ளைகளுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் தெற்கே உள்ள ஐல் ஆஃப் வைட் தீவில் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய சகாக்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுவாகப் பிள்ளைகளில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. மூளையைச் சாராத நாள்பட்ட நோய் உள்ளவர்களில் அது 12 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. வேறு மூளைப் பாதிப்பு இல்லாத வலிப்பு நோயில் ஏறத்தாழ 29. மூளையில் பாதிப்பும் வலிப்பும் சேர்ந்திருந்தால் 58. பிரிட்டனின் தேசியக் கணக்கெடுப்பை வைத்து 2003இல் வந்த இன்னொரு ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது: வலிப்புள்ளவர்களில் 37 விழுக்காடு, நீரிழிவுள்ளவர்களில் 11, மற்றவர்களில் 9.

நீரிழிவோடு வைத்துப் பார்த்ததைக் கவனியுங்கள். ஊசி, கட்டுப்பாடு, வாழ்நாள் கவலை எல்லாம் நீரிழிவுள்ள பிள்ளைக்கும் உண்டு. நோயோடு வாழும் சோர்வு மட்டுமே காரணம் என்றால் இரண்டும் அருகருகே இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் ஆய்வாளர் ஜோன் ஆஸ்டினின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வலிப்பு கண்டறியப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் அதற்கு முந்தைய ஆறு மாதங்களைப் பற்றிக் கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு நடத்தைச் சிக்கல்கள் அப்போதே இருந்தன. மருந்தும் இல்லை, "வலிப்புக்காரப் பிள்ளை" என்ற பெயரும் இல்லாத காலம் அது. வலிப்பை உண்டாக்கும் மூளை மாற்றமே கவனத்தையும் மனநிலையையும் தொடக்கூடும் என்பதுதான் இதற்கு நியாயமான விளக்கம். ஆகவே பிள்ளையின் எரிச்சலையோ மறதியையோ "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று உங்கள் மேல் சுமத்தினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்வதையும் ஏற்காதீர்கள்.

வலிப்பு நின்றால் இதெல்லாம் தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வீட்டிலும் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அப்படி நடக்கும். எல்லோருக்கும் நடப்பதில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் 'ஆப்சன்ஸ்' வகை வலிப்புள்ள பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முதல் முடிவுகள் 2010இல் வந்தன. மருந்து தொடங்கும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் கவனக் குறைவு இருந்தது. வலிப்பு முற்றிலும் நின்றவர்களிலும் பலருக்கு அது நீங்கவில்லை. வலிப்பை நிறுத்துவதில் எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட் என்ற இரண்டு மருந்துகளும் சமமாக இருந்தும், வால்ப்ரோயேட் எடுத்தவர்களுக்குக் கவனம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தது. வலிப்பை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சரி, படிவத்துக்கு வருவோம். 25 வரிகள் என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் எஸ்.டி.க்யூ. எனப்படும், பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் கேள்வித்தாளாக இருக்கும். லண்டனில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. உணர்ச்சி, நடத்தை, துறுதுறுப்பும் கவனமும், சக பிள்ளைகளோடான உறவு, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து வரிகள். ஒவ்வொரு வரிக்கும் சரியல்ல, ஓரளவு சரி, மிகவும் சரி என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கடைசிப் பகுதியைத் தவிர்த்த 20 வரிகளையும் கூட்டினால் 0 முதல் 40 வரை ஓர் எண் வரும். பெற்றோர் நிரப்பும் படிவத்தில் 17ஓ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றும், 14 முதல் 16 வரை எல்லைக்கோடு என்றும் முதலில் வகுத்திருந்தார்கள். இந்த எல்லைகள் பிரிட்டன் பிள்ளைகளை வைத்து வகுத்தவை. அதனால் நான் எண்ணை ஒரு கதவாக மட்டுமே பார்ப்பேன். 13 வந்த பிள்ளையிடமும் ஒரு வரி என் கண்ணில் நின்றால் அதைப் பற்றிக் கேட்பேன்.

மனநோய் என்று எழுதிவிடுவார்களா என்ற கேள்விக்கு பதில் இதிலேயே இருக்கிறது. இந்த எண் நோய்ப்பெயர் ஆகாது. நோய்ப்பெயர் வேண்டுமானால் உங்களோடும் பிள்ளையோடும் தனித்தனியாகப் பேசி, பள்ளியில் விசாரித்து, தேவையான சோதனைகள் செய்த பிறகுதான் ஒருவர் முடிவு சொல்ல முடியும். கூடிய எண் வந்த பல பிள்ளைகளுக்கு எந்த நோய்ப்பெயரும் தேவைப்படுவதில்லை. மருந்தளவில் ஒரு மாற்றம், தூக்கத்தில் ஓர் ஒழுங்கு, வகுப்பாசிரியரோடு ஒரு பேச்சு போதுமானதாக இருக்கும்.

நிரப்பும்போது சில விஷயங்கள். கடந்த ஆறு மாதங்களை நினைத்து நிரப்புங்கள், நேற்றைய சண்டையை நினைத்து வேண்டாம். அப்பா தனியாக ஒரு படிவம் நிரப்பினால் நல்லது. இருவர் பதிலும் வேறுபட்டால் அது தவறாகாது, எனக்கு அதுவே தகவல். பிள்ளையின் முன்னால் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து "நீ இப்படித்தானே" என்று குறிக்காதீர்கள். 11 வயது முதல் பிள்ளைகள் தாங்களே நிரப்பும் படிவமும் உண்டு. அதை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரியவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் கோபமும் பிடிவாதமும்தான். பயமும் துக்கமும் பிள்ளையின் சொந்தப் பதிலில்தான் வெளியே வரும்.

வலிப்புள்ள பிள்ளையின் படிவத்தைப் படிப்பவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறாளா என்று ஒரு வரி உண்டு. மருந்தாலும் வலிப்பாலும்கூட அது வரலாம். கவனம் சிதறுகிறதா என்ற வரிக்கு 'மிகவும் சரி' என்று குறித்திருந்தால், அது கவனக் குறைபாடா, யாரும் கவனிக்காத சிறு வலிப்புகளா, மாத்திரையின் மந்தமா, இரவில் கெட்ட தூக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்தப் படிவம் படிப்பைப் பற்றி எதையுமே கேட்பதில்லை. அமைதியான, யாருக்கும் தொல்லை தராத பிள்ளை வாசிக்கவும் கணக்குப் போடவும் திணறிக்கொண்டே மிகக் குறைந்த எண்ணோடு வெளியே போய்விடலாம். அதனால் கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் அட்டைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். வலிப்பு தொடங்கிய பிறகு கையெழுத்தோ மதிப்பெண்ணோ இறங்கியிருந்தால் அது அங்கேயே தெரியும். அறிவு வளர்ச்சி மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்தப் படிவம் பொருந்தாது. அவர்களுக்கு வேறு முறைகள் இருக்கின்றன.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் இருந்த ஒரு வரி. "மாத்திரை மாற்றியதிலிருந்து கொஞ்சம் வெடுவெடுப்பாக இருக்கிறாள், வயசு அப்படி என்று விட்டுவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். லெவெடிராசிடாம் நல்ல மருந்து. பலருக்கு வலிப்பை நன்றாக அடக்குகிறது, மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. ஆனால் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு எரிச்சல், அழுகை, கோபம், சில சமயம் மனச்சோர்வு வரை கொண்டுவருவது எல்லா நரம்பியல் மருத்துவர்களும் அறிந்த விஷயம். பெரம்பனெல் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் மூர்க்கம் வரலாம் என்ற எச்சரிக்கை மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. மலிவாகக் கிடைப்பதால் நம் ஊரில் இன்னும் நிறையக் கொடுக்கப்படும் ஃபீனோபார்பிட்டோன் சிறு பிள்ளைகளை ஓர் இடத்தில் உட்காரவிடாமல் செய்யும். டோப்பிரமேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் பிள்ளை பேச்சின் நடுவே வார்த்தை கிடைக்காமல் தவிக்கலாம்.

உங்கள் மகளின் வெடுவெடுப்பு வயதால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு தாளில் மாத்திரை தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதிகள், கோபம் தொடங்கியதாக நீங்கள் நினைக்கும் வாரம் ஆகியவற்றை எழுதிப் படிவத்தோடு கொடுங்கள். மருத்துவருக்கு அதைவிட உதவும் தகவல் வேறில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாம். சிலர் வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பார்கள், அதற்கான ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை. எது செய்தாலும் மருத்துவர் வழியாகவே செய்யுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒரு படிவம் நிரப்பியிருந்தால் இந்தக் குழப்பமே இருந்திருக்காது. அதனால்தான் நோய் கண்டறிந்த நாளிலேயே முதல் ஸ்கிரீனிங் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கவனக் குறைபாட்டைப் பொறுத்தவரை சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் குழு 2018இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஆறு வயதிலிருந்தோ நோய் கண்டறிந்தபோதோ தொடங்கி ஆண்டுக்கு ஒரு முறை, அத்துடன் மருந்து மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் புதிய பள்ளிக்குப் போகும்போதும், ஒன்பது பத்தாம் வகுப்புகளின் நெருக்கடி தொடங்கும்போதும் இன்னொரு முறை பார்ப்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

பள்ளி பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் இந்தப் படிவம் பள்ளிக்குப் போகக்கூடாது. மனநலச் சிகிச்சை பற்றிய தகவலைக் காப்பது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆசிரியர் நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. அதைக் கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் நாளின் பாதியை அவள் அங்கேதான் கழிக்கிறாள். அதோடு வலிப்பு இருப்பதை வகுப்பாசிரியர் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையில் இரும்புச் சாவி திணிக்கவோ வாயில் எதையும் வைக்கவோ கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

மாமியாரின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தலைமுறை பார்த்த கதைகள் அப்படி. திருமணத்தை ரத்து செய்ய வலிப்பை ஒரு காரணமாகச் சட்டமே வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1999இல் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: இப்போது கவனிக்காமல் விட்ட பயமும் சோர்வும் படிப்பையும் நட்பையும் தின்றுவிடும். எதிர்காலத்துக்குத் தடை அங்கேதான் இருக்கிறது.

படிவத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வலிப்புள்ள பள்ளி வயதுப் பிள்ளைகள் 85 பேரை முழுமையாகப் பரிசோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு நடத்தைச் சிக்கலோ அறிவுத்திறன் குறைவோ இருந்தது. நடத்தைச் சிக்கல் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. கண்டறிந்துவிட்டு எதுவும் செய்யாமல் விடுவது அதைவிட மோசம். கேள்வி கேட்டு, குடும்பத்தின் மனத்தைத் திறந்துவிட்டு, தாளைக் கோப்பில் செருகிவைத்தால் அடுத்த முறை அந்தத் தாய் உண்மையை எழுத மாட்டார். இந்த முறையைத் தொடங்க நினைக்கும் மருத்துவர்களுக்கும் இதையே சொல்வேன்: அன்றே எண்ணைக் கூட்டுங்கள், அன்றே இரண்டு நிமிடமாவது அதைப் பற்றிப் பேசுங்கள், யாரிடம் அனுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள்.

அனுப்ப ஆளில்லை என்பது முழு உண்மையும் அல்ல. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் வலிப்புள்ள 334 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. எஸ்.டி.க்யூ. வழியாகச் சிக்கலைக் கண்டறிந்து, மனநல நிபுணர் அல்லாத மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொலைபேசியிலும் காணொளியிலும் உளவியல் சிகிச்சை அளித்தார்கள். ஆறு மாதங்களில் வழக்கமான கவனிப்பைவிட அந்தப் பிள்ளைகளின் எண் கூடுதலாகக் குறைந்தது. இறக்கம் பெரிதல்ல, ஆனால் உறுதியானது. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் ஒரு தொலைபேசியும் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு எட்டாத விஷயங்களா? இங்கே டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் மாவட்ட மனநலத் திட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. நரம்பியல் பிரிவிலிருந்து அங்கே ஒரு சீட்டு எழுதும் பழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை.

சிகிச்சை குறித்து இரண்டு தேவையற்ற பயங்கள் உண்டு. கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் வலிப்பைத் தூண்டிவிடும் என்று சொல்லி அதை மறுக்கிறார்கள். வலிப்பு கட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தகுந்த கண்காணிப்போடு அதைக் கொடுக்கலாம். மனச்சோர்வுக்கு இன்று முதலில் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளும் வழக்கமான அளவில் வலிப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. மருந்தில்லாமலே பயத்துக்கு நல்ல பலன் தரும் பேச்சுச் சிகிச்சைகளும் இருக்கின்றன.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல ஸ்கிரீனிங் தாயையும் விசாரிக்கும். இரவில் அவள் அசைந்தால் எழுந்து பார்க்கிறீர்களா? தூங்குகிறீர்களா? தாயின் மனச்சோர்வு பிள்ளையின் வாழ்க்கைத் தரத்தைக் கீழே இழுப்பதைக் கனடாவில் ஈராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குச் சிகிச்சை கிடைத்தால் அதில் பாதி அவளுக்கும் போய்ச் சேரும். வலிப்பு நின்று எட்டு மாதமாகியும் ஓடாதே, குதிக்காதே, தோழி வீட்டுக்குப் போகாதே என்று வீடு சொல்லிக்கொண்டே இருந்தால், எவற்றுக்கு உண்மையிலேயே துணை வேண்டும், எவற்றைத் தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நீச்சலுக்குப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கோகோ விளையாட அவளைத் தாராளமாக விடலாம்.

அவள் 12, 13 வயதை எட்டும்போது மருத்துவமனையில் சிறிது நேரம் அவளைத் தனியே வைத்துப் பேசுவார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றியிருக்கிறதா என்றும் கேட்பார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பெற்றோர் பதறுவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ஒருவர் நேராகக் கேட்டதில் நிம்மதி அடையும் பிள்ளைகளே அதிகம். வலிப்பு மருந்துகளோடு தற்கொலை எண்ணம் சற்றே கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்த பிறகு, கேட்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சில விஷயங்களுக்குப் படிவத்தையும் அடுத்த தேதியையும் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. சாவதைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரவானால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம், வெளியே சொல்ல முடியாத கொடுமை ஏதும் நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. புதிய மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பிள்ளை ஆளே மாறிவிட்டாலும், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலும், தெரிந்த பேச்சையும் படிப்பையும் இழக்கத் தொடங்கினாலும் உடனே போக வேண்டும். கடைசியாகச் சொன்னது தூக்கத்தில் மூளையில் ஓயாமல் நடக்கும் மின்கோளாறாக இருக்கலாம். அதற்கு இரவுத் தூக்கத்தோடு சேர்த்து மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள்.